கியர்பாக்ஸ் போய்விட்டது என்றால், அதில் எது போனது? பழைய சுபாரு இம்ப்ரெஸாவை வைத்து ஓர் எளிய விளக்கம்

சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ் காரின் ஐந்து கியர் மேனுவல் கியர்பாக்ஸுக்கு, அந்தக் காரை வைத்திருப்பவர்களே கேலியாகச் சூட்டிய பெயர் ‘கண்ணாடி கியர்பாக்ஸ்’. ஒருமுறை வேகமாகக் கிளம்பினால் போதும், உள்ளே பல் உடைந்துவிடும் என்பார்கள். அதே காரைப் பல ஆண்டுகள் ஓட்டிவிட்டு, ஆயில் மாற்றியதைத் தவிர கியர்பாக்ஸில் கைவைத்ததே இல்லை என்பவர்களும் உண்டு. இரு தரப்பும் உண்மையைத்தான் சொல்கின்றன. குழப்பம் எங்கே வருகிறது என்றால், ‘கியர்பாக்ஸ் போய்விட்டது’ என்ற ஒரே பேச்சுக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல பழுதுகளை அடைத்துவிடுகிறோம். கியர் போடும்போது கரகரவென்று சத்தம் வருவதும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் கத்த கார் வேகமெடுக்காமல் இருப்பதும், ஓடிக்கொண்டிருக்கும்போதே படாரென்று பல் முறிவதும் வெவ்வேறு பாகங்களில் வெவ்வேறு காரணங்களால் நேர்பவை. ஒன்றுக்கான வைத்தியம் இன்னொன்றுக்குப் பலிக்காது. ஒன்றைச் சரிசெய்யப்போய் இன்னொன்றை வரவழைத்துக்கொள்வதும் நடக்கிறது.

இந்தப் பழுதுகளைப் பிரித்தறியக் கியர்பாக்ஸின் உள்ளே நடப்பது ஓரளவு தெரிந்திருந்தால் போதும். முன்னறிவு எதுவும் தேவையில்லை என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

எந்தக் கார், எந்தக் கியர்பாக்ஸ்

இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ் ஜப்பானில் 1992 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. அதைத் தயாரித்த ஃபுஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் 2017-இல் சுபாரு கார்ப்பரேஷன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பார்ப்பதற்குச் சாதாரணக் குடும்ப செடான். உள்ளே 2 லிட்டர் டர்போ இன்ஜின். நான்கு சக்கரங்களுக்கும் இழுவை. உலக ராலி சாம்பியன்ஷிப்பில் சுபாரு 1995, 1996, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளும் தயாரிப்பாளர் பட்டத்தையும், காலின் மெக்ரே 1995-இல் ஓட்டுநர் பட்டத்தையும் வென்றதால் இந்தக் காருக்குப் பெரும்புகழ் சேர்ந்தது. அந்தப் புகழே ஒரு தவறான எதிர்பார்ப்பையும் விதைத்தது: ராலிப் பாதையில் தாங்கியது தெருவிலும் தாங்கும் என்று பலர் நினைத்தார்கள். ராலிக் காரில் இருந்தது போட்டிக்கென்றே தனியாகச் செய்த கியர்பாக்ஸ். கடையில் வாங்கிய காரில் இருந்தது வேறு.

கடையில் கிடைத்த அந்த ஐந்து கியர் பெட்டியின் குறிப்பெயர் டிஒய்75. அதிக ஆற்றல் கொண்ட எஸ்டிஐ ரகத்துக்காகப் பிறகு வந்த ஆறு கியர் பெட்டி டிஒய்85. இந்த எண்கள் உள்ளே இருக்கும் இரண்டு தண்டுகளுக்கு இடையிலான தூரத்தை மில்லிமீட்டரில் சொல்பவை. 10 மில்லிமீட்டர் அற்பமாகத் தோன்றலாம். பல் உடையும் கதை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது என்பது போகப்போகத் தெரியும். எண்கள் தேவைப்படும் இடங்களில் 2002 அமெரிக்க மாடலை எடுத்துக்கொள்கிறேன். அதன் இன்ஜின் 227 குதிரைத்திறன் கொண்டது. அதிகபட்ச முறுக்குவிசை 294 நியூட்டன் மீட்டர்.

கியர்பாக்ஸ் செய்யும் வேலை

முறுக்குவிசை என்பது ஒரு தண்டை எவ்வளவு வலுவாகத் திருக முடிகிறது என்பதன் அளவு. பேச்சுவழக்கில் டார்க் என்கிறோம். குதிரைத்திறன் என்பது அந்தத் திருகலோடு சுற்றும் வேகத்தையும் சேர்த்துப் பார்க்கும் அளவு. கியர்பாக்ஸைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு முக்கியமானது, ஏனென்றால் கியர் பல்லை அழுத்துவது முறுக்குவிசையே. ‘இத்தனை குதிரைத்திறன் வரை இந்தக் கியர்பாக்ஸ் தாங்கும்’ என்று சொல்லப்படும் கணக்குகள் முதலிலேயே சற்றுக் கோணலாக இருப்பது இதனால்தான்.

நின்ற காரை நகர்த்த நிறைய முறுக்குவிசை வேண்டும். இன்ஜினிடம் அவ்வளவு கிடையாது. ஆகவே சிறிய பல்சக்கரம் ஒன்று பெரிய பல்சக்கரம் ஒன்றைச் சுற்றும்படி அமைத்து, வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டுகிறார்கள். உள்ளே வரும் தண்டு எத்தனை முறை சுற்றினால் வெளியே போகும் தண்டு ஒருமுறை சுற்றும் என்பதே கியர் விகிதம். நம் காரில் முதல் கியரின் விகிதம் 3.454, இரண்டாவது 1.947, மூன்றாவது 1.366, நான்காவது 0.972, ஐந்தாவது 0.738. இவற்றுக்குப் பின் எல்லாக் கியருக்கும் பொதுவாக 3.90 என்ற இறுதி விகிதம் இருக்கிறது. 294-ஐ முதல் கியரில் 3.454-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1,015. அதை மறுபடி 3.90-ஆல் பெருக்கினால் சக்கரங்களைத் திருப்புவது ஏறக்குறைய 3,960 நியூட்டன் மீட்டர். இன்ஜின் கொடுத்ததைப்போல் பதின்மூன்று மடங்குக்கும் மேல்.

பற்கள் எப்போதும் கோத்தே இருக்கின்றன

கியர் லீவரைத் தள்ளும்போது ஒரு பல்சக்கரம் நகர்ந்து போய் இன்னொன்றோடு கோத்துக்கொள்கிறது என்றுதான் பெரும்பாலோர் மனத்தில் படம் வைத்திருக்கிறார்கள். மிகப் பழைய வண்டிகளில் அப்படி இருந்தது உண்மைதான். இன்றைய கார்களில் ரிவர்ஸ் கியரை விட்டுவிட்டால், முன்னோக்கிப் போகும் எல்லாக் கியர்களின் பற்களும் எந்நேரமும் ஒன்றோடொன்று கோத்தே சுற்றுகின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சக்கரம் தன் தண்டோடு இறுகியிருக்கும். மற்றது தன் தண்டின் மேல் தளர்வாகச் சுழன்றுகொண்டிருக்கும். தளர்வாக இருப்பதைத் தண்டோடு பூட்டினால் அந்தக் கியர் விழுகிறது; பூட்டைத் திறந்தால் நியூட்ரல்.

பூட்டும் வேலையைச் செய்வது ஸ்லீவ் என்ற வளையம். அது தண்டோடு சேர்ந்து சுற்றும், ஆனால் தண்டின் நீளவாக்கில் நகரக்கூடியது. பல்சக்கரத்தின் பக்கவாட்டில், கூராக்கப்பட்ட சிறு பற்கள் வட்டமாக வரிசைகட்டி இருக்கும். அவற்றைப் பூட்டுப் பற்கள் என்று அழைப்போம். லீவரைத் தள்ளும்போது ஸ்லீவ் நகர்ந்து இந்தப் பூட்டுப் பற்களின் மேல் ஏறி உட்காருகிறது.

இங்கேதான் ஒரு சிக்கல். ஸ்லீவும் பல்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது எப்படி உட்காருவது? நகர்ந்துகொண்டிருக்கும் பேருந்தில் ஏறுபவர் நின்ற இடத்திலிருந்து தாவுவதில்லை. கம்பியைப் பிடித்தபடி நான்கு எட்டு கூடவே ஓடி, பேருந்தின் வேகத்துக்குத் தன் வேகம் வந்த பிறகுதான் படியில் கால் வைக்கிறார். அந்த நான்கு எட்டு ஓட்டத்தைக் கியர்பாக்ஸில் ஓடுவது சிங்க்ரோ வளையம். பெரும்பாலும் பித்தளையால் ஆன இதன் உட்புறம் கூம்பு வடிவில் இருக்கும். லீவர் தள்ளப்பட்டதும் இந்த வளையம் பல்சக்கரத்தின் மேலுள்ள கூம்போடு உரசி, இரு வேகங்களையும் சமமாக்குகிறது. சமமாகும்வரை ஸ்லீவைக் கடக்கவிடாமல் தடுத்தும் நிற்கிறது. ஓட்டுநர் உணர்வதெல்லாம், கியர் விழுவதற்கு முன் லீவரில் வரும் அந்தச் சிறு தயக்கத்தை மட்டுமே.

சுருங்கச் சொன்னால், காரை இழுப்பது பெரிய பற்கள். கியரைப் பூட்டுவது சிறிய பூட்டுப் பற்கள். பூட்டுவதற்கு முன் வேகத்தைச் சமமாக்குவது சிங்க்ரோ வளையம். இந்த மூன்றும் தனித்தனியாகப் பழுதாகின்றன.

கரகர சத்தம்: சிங்க்ரோ தேய்மானம்

கியர் போடும்போது வரும் கரகர சத்தத்தைக் கேட்டதும் ‘பல் அரைபடுகிறது’ என்று பதறுகிறோம். பல்தான், ஆனால் காரை இழுக்கும் பெரிய பல் அல்ல. வேகம் சமமாகாத நிலையில் ஸ்லீவ் பூட்டுப் பற்களின் நுனியில் மோதித் துள்ளும் சத்தம் அது. அடிக்கடி மோதினால் அந்த நுனிகள் மழுங்கும். மழுங்கியவை ஸ்லீவைச் சரியாகப் பற்றிக்கொள்ள முடியாமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது கியர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளிவிடும். கரகர சத்தத்தை நீண்ட நாள் பொருட்படுத்தாமல் விட்ட காரில் பெரும்பாலும் அடுத்து வருவது இதுதான். இந்த வழியில் பெரிய பல் முறிவதில்லை.

சிங்க்ரோ வளையம் உராய்ந்தே வேலை செய்வதால் அது தேய்வது இயல்பு. எவ்வளவு விரைவாகத் தேய்கிறது என்பது எவ்வளவு வேக வித்தியாசத்தை எவ்வளவு குறைந்த நேரத்தில் சமமாக்கச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. முதல் கியரில் இன்ஜினை நிமிடத்துக்கு 6,000 சுற்று வரை கொண்டுபோய் இரண்டாவதுக்கு மாற்றினால், உள்ளே வரும் தண்டின் வேகம் ஏறக்குறைய 3,380-க்கு இறங்க வேண்டும். அதே 6,000-இல் இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றினால் 4,210 வரை இறங்கினால் போதும். இரண்டாவது கியரின் சிங்க்ரோ மற்றவற்றுக்கு முன் சலித்துப்போவதற்கு இந்தக் கணக்கே பெரும்பகுதி விடை. லீவரை வெடுக்கென்று இழுக்கும் பழக்கமும், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைத்துப் பிரிக்கும் கிளட்ச் முழுதாகப் பிரியாமல் சற்றே ஒட்டிக்கொண்டிருப்பதும் மீதி.

கிளட்ச் ஒட்டிக்கொண்டிருப்பது தனியே கவனிக்கத்தக்கது. கிளட்ச் முழுதாகப் பிரியாவிட்டால், சிங்க்ரோ வளையம் வெறும் தண்டை மட்டுமல்ல, இன்ஜினையே சேர்த்து இழுத்துப்பிடிக்க வேண்டியிருக்கும். அது அதன் சக்திக்கு அப்பாற்பட்டது. எல்லாக் கியரிலும், குறிப்பாக ரிவர்ஸிலும், சத்தம் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கிளட்சையும், பெடலின் அழுத்தத்தைத் திரவத்தின் வழியே அதற்குக் கடத்தும் ஹைட்ராலிக் அமைப்பையும்தான். ஏதோ ஒரு கியரில் மட்டும் வந்தால் அந்தக் கியரின் சிங்க்ரோ. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்துவிட்டு, பிறகு அந்த ஹைட்ராலிக் அமைப்பின் கிளட்ச் சிலிண்டரில் வந்து நிற்பது வீண் செலவு.

ஆயிலைப் பற்றிய தீராத வாக்குவாதம்

இந்தக் கியர்பாக்ஸின் அமைப்பில் ஒரு விசேஷம் உண்டு. முன்சக்கரங்களுக்கான டிஃபரென்ஷியலும் இதே பெட்டிக்குள் இருக்கிறது. டிஃபரென்ஷியல் என்பது வளைவில் திரும்பும்போது இடது, வலது சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம்தரும் பல்சக்கரக் கூட்டம். இரண்டுக்கும் ஒரே ஆயில்தான், ஏறக்குறைய 3.5 லிட்டர்.

டிஃபரென்ஷியலின் பற்கள் உருள்வதோடு நின்றுவிடாமல் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்வதால், கடும் அழுத்தத்திலும் உலோகத்தை உலோகம் தொடாதபடி காக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்கள் அதிகமுள்ள ஆயில் அதற்கு வேண்டும். ஜிஎல்-5 என்ற தரக்குறியீடு அதைக் குறிப்பது. சிங்க்ரோ வளையத்துக்கோ ஓரளவு உராய்வு வேண்டும். அளவுக்கு மீறி வழுக்கினால் அது வேகத்தைச் சமமாக்க முடியாது. ஆக ஒரே ஆயிலிடம் எதிரெதிரான இரண்டு வேலைகளைக் கேட்கிறோம். சிங்க்ரோவுக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சேர்மானம் குறைந்த ஜிஎல்-4 ஆயிலை ஊற்றினால் கியர் வெண்ணெயாக விழலாம். டிஃபரென்ஷியல் அதற்கான விலையைக் கொடுக்கும். தயாரிப்பாளர் சொன்ன 75டபிள்யூ-90 (இது ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் குறியீடு) ஜிஎல்-5 ஆயிலைச் சரியான அளவில் ஊற்றி, உரிய காலத்தில் மாற்றுவதே போதுமானது என்பது என் கருத்து. குளிர்ந்த காலையில் முதல் சில நிமிடங்கள் இரண்டாவது கியர் முரண்டுபிடித்து, ஓடச் சூடான பின் சரியாகிவிட்டால், அது பெரும்பாலும் ஆயில் கெட்டியாக இருப்பதன் விளைவு; பெட்டியைத் திறக்கத் தேவையில்லை.

பல் முறிவது

இப்போது ‘கண்ணாடி’ என்ற பெயருக்குக் காரணமான பழுதுக்கு வருவோம்.

ஒரு பல்லின் மேல் விழும் விசையை நாமே கணக்கிட்டுவிடலாம். இரண்டு தண்டுகளுக்கு இடையே 75 மில்லிமீட்டர். முதல் கியரின் விகிதம் 3.454. இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால், முதல் கியரின் சிறிய பல்சக்கரத்துக்கு மையத்திலிருந்து பல் கோக்கும் இடம் வரை ஏறக்குறைய 17 மில்லிமீட்டர்தான் கிடைக்கிறது. 294 நியூட்டன் மீட்டரை அவ்வளவு குறுகிய ஆரத்தால் வகுத்தால், கோத்திருக்கும் பற்களை அழுத்தும் விசை ஏறக்குறைய 17,500 நியூட்டன். அதாவது 1,800 கிலோ எடையை விரல் அகலம்கூட இல்லாத பற்களின் மேல் ஏற்றிவைத்ததற்குச் சமம். மூன்றாவது கியரில் ஆரம் ஏறக்குறைய 32 மில்லிமீட்டர் ஆகிவிடுவதால் விசை 9,300 நியூட்டன் அளவுக்கு இறங்கிவிடும். தண்டுகளை 85 மில்லிமீட்டர் தள்ளிவைத்தால் எல்லா ஆரங்களும் அதே விகிதத்தில் கூடும். விசை எட்டில் ஒரு பங்கு குறையும். கூடவே பற்களை அகலமாகவும் தடிப்பாகவும் வெட்ட இடம் கிடைக்கும். டிஒய்85 பெட்டியின் பெயரிலுள்ள 10 மில்லிமீட்டருக்கு இவ்வளவு மதிப்பு.

பற்கள் நேராக வெட்டப்படாமல் சாய்வாக வெட்டப்பட்டிருப்பது இன்னொரு காரணி. சாய்ந்த பற்கள் படிப்படியாகக் கோப்பதால் சத்தம் குறைவு. ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பற்கள் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளவும் செய்யும். ஆனால் சாய்வின் காரணமாகச் சக்கரங்கள் தண்டின் நீளவாக்கிலும் ஒன்றையொன்று தள்ளுகின்றன. எந்தக் கோத்த பற்களும் தண்டுகளை விலக்கவும் முயல்கின்றன. இந்தத் தள்ளல்களையெல்லாம் கடைசியில் தாங்க வேண்டியது அலுமினிய உறைதான். டிஒய்75 பெட்டியின் உறை நீளவாக்கில் இடது, வலது என்று இரு பாதிகளாகச் செய்யப்பட்டு, போல்ட்டால் முடுக்கப்பட்டது. கடும் பாரத்தில் உறை மயிரிழை அளவு விரிந்து கொடுத்தாலும், பற்கள் முழு அகலத்திலும் பொருந்தாமல் ஓரத்தில் மட்டும் தாங்கத் தொடங்கும். முழுப் பல்லும் பகிர வேண்டிய பாரம் ஒரு மூலையில் குவிந்தால் முறிவு அங்கிருந்து ஆரம்பமாகிறது.

முறிவு பெரும்பாலும் ஒரே அடியில் முடிவதில்லை. உடைந்த பல்லைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், முறிந்த பரப்பில் இரண்டு பகுதிகள் தெரியும். ஒரு பகுதி வழவழப்பாக, சற்று மங்கி, வளைவு வளைவான மெல்லிய கோடுகளோடு இருக்கும். மற்றது சொரசொரப்பாகப் பளபளக்கும். வழவழப்பான பகுதி பல நாட்களாக, சில வேளை பல மாதங்களாக, ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த விரிசல். சொரசொரப்பான பகுதி மட்டுமே கடைசி நொடியில் முறிந்தது. உலோகச் சோர்வு என்று இதைச் சொல்வார்கள். ‘மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன், திடீரென்று உடைந்தது’ என்று ஒருவர் சொல்வதை நம்பலாம். ஆனால் விரிசலைத் தொடங்கிவைத்தது அன்றைய ஓட்டமாக இருக்காது, அந்தக் காரின் முந்தைய உரிமையாளராகக்கூட இருக்கலாம்.

முதல் கியரைவிட விசை குறைவான மூன்றாவது கியரும் அடிக்கடி உடைவதை இந்தச் சோர்வு விளக்குகிறது. முதல் கியரில் முழு வேகம் இரண்டு மூன்று நொடிதான். மூன்றாவது கியரில் டர்போ முழு அழுத்தத்தோடு நீண்ட நேரம் தள்ளிக்கொண்டே இருக்கும். இன்ஜினின் மின்னணுக் கட்டுப்பாட்டை மாற்றி முறுக்குவிசையைக் கூட்டியவர்களுக்கு மூன்றாவது கியர்தான் நோகும் இடம். இன்ஜினை அப்படியே விட்டுவிட்டு, நின்ற இடத்திலிருந்து சீறிப் பாய்ந்து கிளம்புபவர்களுக்கு முதல் கியர்.

டயர் வழுக்காததும் கிளட்ச் வழுக்காததும்

ஒரே அளவு முறுக்குவிசை கொண்ட முன்சக்கர இழுவை செடான்களில் இந்தப் புகார் ஏன் இவ்வளவு கேட்பதில்லை? விடை டயரில் இருக்கிறது. இந்தக் காரின் எடை ஏறக்குறைய 1,400 கிலோ. உலர்ந்த தார்ச்சாலையில் நான்கு டயர்களும் பற்றி நின்றால், இன்ஜின் பக்கமிருந்து கணக்கிட்டு, முதல் கியரில் 320 நியூட்டன் மீட்டர் அளவுக்குக் கொடுத்த பிறகுதான் அவை வழுக்கும். இன்ஜினின் அதிகபட்சமே 294. ஆகவே சீராகக் கொடுத்தால் டயர்கள் வழுக்கவே மாட்டா. இரண்டு சக்கரங்கள் மட்டும் இழுக்கும் காரில் ஏறக்குறைய அதில் பாதியிலேயே டயர் கீச்சிட்டுச் சுழன்றுவிடும். பாரம் அதற்கு மேல் கியர்பாக்ஸுக்கு ஏறாது. இழுவைக்குப் பெயர்பெற்ற நான்கு சக்கர அமைப்பே கியர்பாக்ஸின் தப்பிக்கும் வழியை அடைத்துவிடுகிறது. மழையிலும் மண்பாதையிலும் ஓட்டியவர்களின் கியர்பாக்ஸ் நீண்ட நாள் உழைப்பதில் வியப்பில்லை.

மீதியிருக்கும் வழி கிளட்ச். இன்ஜினோடு சுற்றும் கனமான ஃப்ளைவீலின் மேல் கிளட்ச் பிளேட்டைப் பிரஷர் பிளேட் அழுத்திப் பிடிப்பதால்தான் முறுக்குவிசை கியர்பாக்ஸுக்குப் போகிறது. அந்தப் பிடிக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் பிளேட் வழுக்கும். இன்ஜின் மட்டும் கத்த, கார் வேகமெடுக்காமல் இருக்கும் பழுது இந்தப் பிடி தளர்ந்துபோவதுதான். இப்போது ஒருவர் இன்ஜினை 5,000 சுற்றில் கத்தவிட்டு, கிளட்ச் பெடலிலிருந்து காலைச் சட்டென்று எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சுற்றிக்கொண்டிருக்கும் ஃப்ளைவீலில் சேர்ந்திருந்த ஆற்றல் முழுவதும் ஒரே நொடியின் சிறு பகுதிக்குள் தண்டில் இறங்க முயல்கிறது. அந்தக் கணத்தில் பல்லின் மேல் விழும் பாரத்தின் உச்சத்தைத் தீர்மானிப்பது இன்ஜினின் 294 அல்ல. கிளட்ச் எவ்வளவு வரை வழுக்காமல் பிடிக்கிறது என்பதே. கிளட்ச் 500 வரை பிடிக்குமானால், டயர்கள் வழுக்கத் தொடங்கும் முன்னரே முதல் கியரின் பற்களில் ஏறக்குறைய மூன்று டன் விசை வந்து விழுந்துவிடும்.

ஆகவேதான், கிளட்ச் வழுக்குகிறது என்று சொல்லி, பந்தயத்துக்கான முரட்டுக் கிளட்சை மாட்டிய சில மாதங்களில் பல் உடைந்ததாகக் கேள்விப்படுகிறோம். பழைய கிளட்ச் வழுக்கி வழுக்கிப் பாதுகாத்துக்கொண்டிருந்ததைப் புதிய கிளட்ச் பாதுகாக்காமல் விட்டுவிட்டது. இன்ஜினில் எந்த மாற்றமும் செய்யாத காருக்குத் தயாரிப்பாளரின் கிளட்சே பொருத்தம். அதற்கு மேல் பிடிப்புள்ளதை வாங்குவது பணத்தைக் கொடுத்து ஆபத்தை வாங்குவது.

இதுவரை பார்த்தபடி, கரகர சத்தம் சிங்க்ரோவின் தேய்மானம், பல் முறிவு அதிர்ச்சியாலும் சோர்வாலும் வருவது, கிளட்ச் வழுக்கல் தனிப் பழுது. முதலாவது கையைப் பொறுத்தது, இரண்டாவது பெரும்பாலும் இடது காலைப் பொறுத்தது.

பேரிங் இரைச்சல்

தண்டுகளைத் தாங்கும் பேரிங்குகள் தேயும்போது, வேகத்தோடு கூடிக் குறையும் ஓர் இரைச்சல் எழும். நியூட்ரலில் நிற்கும்போது கேட்டு, கிளட்ச் பெடலை மிதித்ததும் நின்றுவிட்டால் அது உள்ளே வரும் தண்டின் பேரிங். நேர்மாறாக, மிதிக்கும்போது மட்டும் கேட்டால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். கியர்பாக்ஸை இறக்காமல் அதை எட்ட முடியாது என்றாலும் கியர்பாக்ஸைப் பிரிக்கத் தேவையில்லை. ஒரே ஒரு கியரில் மட்டும் ஊளைச்சத்தம் வந்தால் அந்த ஜோடியின் பல் பரப்பு கெட்டிருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ‘டக், டக்’ என்று தட்டினால் பல் ஒன்று ஏற்கெனவே போய்விட்டது. அந்தத் துண்டு வேறு பற்களுக்கு நடுவே சிக்கி உறையையே பிளக்கக்கூடும் என்பதால், காரை அங்கேயே நிறுத்தி இழுவை வண்டியை அழைப்பது மேல்.

பழுது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அறிய ஆயில் மாற்றும் நாள் நல்ல வாய்ப்பு. ஆயிலை வடிப்பதற்காகத் திறக்கும் டிரெயின் பிளக்கின் நுனியிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை போன்ற மெழுகு படிந்திருப்பது இயல்பான தேய்மானம். விரலால் தேய்த்தால் நெருடாது. ஆயிலில் மினுமினுக்கும் பொன்னிறத் தூள் மிதந்தால் சிங்க்ரோ வளையங்கள் கரைகின்றன. காந்தத்தில் நகத்துண்டு போன்ற எஃகுச் செதில் ஒட்டியிருந்தால், சத்தம் வருகிறதோ இல்லையோ, பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும்.

மாற்று வழிகள்

பழுதான அதே ரகப் பெட்டியைப் புதுப்பித்துப் போடுவது, சாதாரணமாக ஓட்டுபவருக்கு எல்லா வகையிலும் போதும். ஆற்றலைக் கூட்டியவர்கள் இரண்டு வழிகளை நாடுகிறார்கள். ஒன்று, பெட்டி அப்படியே இருக்க, உள்ளே நேராக வெட்டிய அகலமான பற்களைப் போடுவது. ஆஸ்திரேலியாவின் பிபிஜி நிறுவனம் இதற்குப் பெயர்பெற்றது. நேரான பற்கள் தண்டின் நீளவாக்கில் தள்ளுவதில்லை. ஆனால் ரிவர்ஸ் கியரில் நாம் கேட்கும் அந்த ஊளைச்சத்தம் எல்லாக் கியரிலும் கேட்கும். தினமும் அலுவலகம் போகும் காரில் அதைச் சகிப்பது எளிதல்ல.

மற்றொன்று எஸ்டிஐயின் ஆறு கியர் பெட்டியையே கொண்டுவந்து மாட்டுவது. இது கேட்பதற்கு எளிது. 2002 மாடலில் பின்சக்கரங்களுக்குப் போகும் வழியில் 1.1 என்ற இடைவிகிதமும், பின் டிஃபரென்ஷியலில் 3.545 என்ற விகிதமும் இருக்கின்றன; பெருக்கினால் முன்பக்கத்தின் 3.90 வரும். மாட்டும் எஸ்டிஐ பெட்டியில் இந்த இடைவிகிதம் இல்லையென்றால் பின் டிஃபரென்ஷியலும் 3.90-ஆக இருந்தாக வேண்டும். அப்போது பின்பக்கத்தை மாற்றாமல் ஓட்டினால் முன், பின் சக்கரங்கள் எந்நேரமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, புதிய பெட்டியும் கெட்டுவிடும். ஆகவே பின் டிஃபரென்ஷியல், அதன் ஆக்சில்கள், நடுத்தண்டு, கிளட்ச் எல்லாம் சேர்த்து விலை பேச வேண்டும்.

பழைய காரை வாங்கும்போது

ஓட்டிப் பார்க்கும்போது கார் நன்றாகச் சூடான பின், இரண்டாவது, மூன்றாவது கியர்களை 5,000 சுற்றுக்கு மேல் ஏற்றி மாற்றுங்கள்; பிறகு ஆக்சிலரேட்டரை விட்டு விட்டு மிதித்து, கியர் துள்ளுகிறதா என்று பாருங்கள். நான்காவது கியரில் குறைந்த வேகத்தில் முழுதாக மிதித்தால், வேகமானியை முந்திக்கொண்டு சுற்றுமானி மட்டும் ஏறுகிறதா என்பது கிளட்சைச் சொல்லிவிடும். கிளட்ச் எப்போது மாறியது, எந்த ரகம் என்று கட்டாயம் கேளுங்கள். பந்தய ரகம் என்றால் விலையைக் குறைத்துப் பேசக் காரணம் இருக்கிறது.

அடுத்து, காரை ஒரு காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி மெல்ல வட்டமடியுங்கள். யாரோ பிரேக் பிடிப்பதுபோல் கார் இழுத்து இழுத்து நகர்ந்தால், கியர்பாக்ஸின் பின்பகுதியில் இருக்கும் விஸ்கஸ் கப்ளிங் கெட்டிருக்கிறது. முன், பின் சக்கரங்களின் வேக வித்தியாசத்தைச் சிலிக்கோன் திரவத்தால் கட்டுப்படுத்தும் பாகம் அது. நான்கு டயர்களும் ஒரே அளவில் இல்லாவிட்டால் ஓயாமல் உரசிச் சூடாகிக் கெடும். டயர்களின் சுற்றளவு கால் அங்குலத்துக்கு மேல் வேறுபடக் கூடாது என்பது சுபாருவின் வரையறை. சுற்றளவில் கால் அங்குலம் என்பது ஆரத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர். ஒரு டயரை மட்டும் புதிதாக மாற்றி, மீதி மூன்றும் பாதி தேய்ந்த நிலையில் ஒரு காரைப் பார்த்தால், உரிமையாளர் கியர்பாக்ஸைப் பற்றி என்ன சொன்னாலும் அந்த வட்டத்தை அடித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.